குருவி குளிக்கும் தொட்டியில் பாசி

எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் ஒரு பழைய ஆட்டுக்கல் இருக்கிறது. மாவு அரைப்பது நின்ற பிறகு அதன் குழியில் தினமும் தண்ணீர் ஊற்றி வைப்போம். மைனாவும் தவிட்டுக்குருவிக் கூட்டமும் வந்து குடித்துவிட்டுப் போகும். சில வருடங்களுக்கு முன் அதன் பக்கத்திலேயே இரண்டு அடுக்கு வைத்த சின்ன நீரூற்று ஒன்றை அமைத்தோம். கீழ்த்தொட்டி 20 லிட்டர் பிடிக்கும். உள்ளே ஒரு சிறிய மோட்டார், மேல்தட்டிலிருந்து தண்ணீர் வழிந்து விழும். முதல் வாரமே ஒரு ஜோடி கொண்டைக்குருவி வந்தது. மூன்றாம் வாரம் பாசி வந்தது.

தோட்ட வேலைக்கு வரும் அண்ணன் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, “கொஞ்சம் மயில்துத்தம் போட்டா ரெண்டே நாள்ல காணாம போயிடும்மா” என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. மயில்துத்தம் என்பது செம்பு சல்பேட் என்னும் நீல உப்பு. அதையும் சுண்ணாம்பையும் கலந்த போர்டோ கலவையைப் பயிருக்குப் பூஞ்சைநோய் மருந்தாக அடித்துப் பழகியவர், அதன் வேகம் அவருக்குத் தெரியும். ஆனால் அந்தத் தொட்டியில் தண்ணீர் குடிக்க வருவது 10 கிராம்கூட எடையில்லாத தையல்சிட்டு. கை வரவில்லை. மருந்து இல்லாமலே பாசியைக் கட்டுக்குள் வைக்க முடியுமா என்று தேடிப் படித்ததும், செய்து பார்த்துத் தெரிந்துகொண்டதும்தான் இங்கே எழுதியிருப்பது.

பாசி எதைத் தின்று வளர்கிறது

பாசிக்கு வேண்டியவை வெளிச்சம், வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் நைட்ரஜன், கொஞ்சம் பாஸ்பரஸ். நம் ஊர் வெயிலில் முதல் இரண்டும் கேட்காமலே கிடைத்துவிடும். மற்ற இரண்டையும் பறவைகளே கொண்டுவருகின்றன. எச்சத்தில் வெள்ளையாகத் தெரியும் பகுதி யூரிக் அமிலம், அதாவது நைட்ரஜன். அதோடு பாஸ்பரஸும் சேர்ந்து வருகிறது. இது எவ்வளவு நல்ல உரம் என்பதற்கு வேடந்தாங்கலைவிடச் சிறந்த சாட்சி இல்லை. நாரைகளும் கொக்குகளும் எச்சமிட்ட ஏரித் தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தால் நெல் செழிக்கும் என்று அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பறவைகளை யாரும் சுடக்கூடாது என்று அதிகாரிகளிடம் போராடி உத்தரவு வாங்கினார்கள். அங்கே நெல்லுக்குப் போன சத்து இங்கே என் தொட்டியில் பாசிக்குப் போகிறது. வேலை ஒன்றுதான்.

எச்சம் மட்டும் என்றில்லை. வேப்பம்பூ, உதிர்ந்த இலை, தெருப் புழுதி, பக்கத்தில் வைத்த தானியத்திலிருந்து பறந்துவரும் உமி எல்லாம் சேர்கின்றன. பெரிய கொடையாளி காகம். காய்ந்த சப்பாத்தி, எலும்புத் துண்டு, சில நாள் செத்த எலிக் குஞ்சு என்று எது கிடைத்தாலும் தண்ணீரில் ஊறப்போட்டுத்தான் தின்னும். ஒரு சப்பாத்தித் துண்டு ஒரு பகல் முழுக்கத் தொட்டியில் ஊறினால் அதிலிருந்து இறங்கும் சத்து ஒரு வாரப் பாசிக்குப் போதும்.

குழாய்த் தண்ணீரையும் பார்க்க வேண்டும். புறநகர்ப் பகுதிகளில் வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க், அதன் பக்கத்திலேயே போர்வெல். இப்படிப்பட்ட இடங்களில் நிலத்தடி நீரில் நைட்ரேட் கூடுவது நன்கு அறியப்பட்ட விஷயம். அந்தத் தண்ணீரை ஊற்றும்போதே பாசிக்கான உரத்தையும் சேர்த்து ஊற்றுகிறோம்.

நிரப்புவது வேறு, மாற்றுவது வேறு

நான் முதலில் செய்த பெரிய தவறு இதுதான். தொட்டியில் தண்ணீர் குறையக் குறைய வாளியில் கொண்டுபோய் ஊற்றி நிரப்பிக்கொண்டே இருந்தேன். தினமும் புதுத் தண்ணீர்தானே ஊற்றுகிறோம், எப்படிப் பாசி பிடிக்கிறது என்று புரியவில்லை.

கணக்குப் போட்டால் புரியும். கோடையில் சென்னைப் பக்கம் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஒரு நாளைக்குச் சுமார் 6 மில்லிமீட்டர் தண்ணீர் ஆவியாகும் என்று வைத்துக்கொள்ளலாம். தொட்டியின் வாய் அரை மீட்டருக்கு அரை மீட்டர் என்றால் அது ஒன்றரை லிட்டர். வழிந்து விழும் தண்ணீரில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஆவியாகும், சுமாராக 2 லிட்டர். 10 நாளில் 20 லிட்டர் ஊற்றியிருப்போம், ஆனால் ஒரு டம்ளர்கூட வெளியே கொட்டியிருக்க மாட்டோம். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான். உப்பும் நைட்ரேட்டும் எச்சத்தின் சத்தும் அப்படியே தங்கிவிடுகின்றன. பத்தாம் நாள் அந்த 20 லிட்டர் தொட்டியில் 40 லிட்டர் தண்ணீரின் உப்பு இருக்கும். ஒரு மாதம் இப்படியே விட்டால் 80 லிட்டரின் உப்பு. தொட்டி ஓரத்தில் வெள்ளைக் கோடாகப் படிகிறதே, அது இந்தக் கணக்கின் ரசீதுதான். அந்தக் கரடுமுரடான உப்புப் படிவம் பாசி வேர்பிடித்தாற்போல் ஒட்டிக்கொள்ள நல்ல இடமும்கூட.

இதைப் புரிந்துகொண்ட பிறகு எனக்கு மற்ற எல்லாக் கேள்விக்கும் விடை இந்தப் பக்கமிருந்தே வந்தது. உப்புக்குப் பொருந்தும் இதே கணக்குதான் நாம் போடும் மருந்துக்கும். இன்றைக்குச் சரியான அளவில் போட்ட மருந்து, தண்ணீர் பாதியாகக் குறையும் நாளில் இரண்டு மடங்கு அடர்த்தியாகியிருக்கும். நாம் ஊரில் இல்லாத வாரக் கடைசியில், தொட்டி முக்கால்வாசி வற்றிக் கிடக்கும்போது, வேறு எங்கும் தண்ணீர் கிடைக்காத குருவி அதைத்தான் குடிக்கும். புட்டியில் எழுதியிருக்கும் அளவு எவ்வளவு சரியாக இருந்தாலும் அது முதல் நாளுக்கான அளவு. ஆர்.ஓ. மெஷின் தள்ளிவிடும் தண்ணீரைப் பறவைத் தொட்டிக்கு ஊற்றக்கூடாது என்பதும் இதனால்தான். அது ஏற்கெனவே உப்பு அடர்ந்த தண்ணீர், வெயிலில் இன்னும் அடரும்.

மயில்துத்தத்தின் கதை

செம்பு பாசியைக் கொல்லும் என்பது புதிய செய்தி இல்லை. குடிநீர்த் தேக்கங்களில் மயில்துத்தம் போட்டுப் பாசியை ஒழிக்கலாம் என்று அமெரிக்க விவசாயத் துறை 1904-லேயே அறிக்கை வெளியிட்டது. அதன் பிறகு உலகம் முழுக்க அந்த முறை பரவியது. ஒரு லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைந்த செம்பே பல பாசிகளுக்குப் போதும். நியாயமாகச் சொன்னால், அந்த அளவில் பறவைகள் உடனே செத்து விழுவதில்லை. மீன், நத்தை, தலைப்பிரட்டை இவைதான் முதலில் போகும். ஆனால் வீட்டில் யாரும் மில்லிகிராம் கணக்கில் போடுவதில்லை. ஒரு சிட்டிகை என்பதே 20 லிட்டருக்கு அதைவிடப் பல மடங்கு. மயில்துத்தம் அளவுக்கு மீறிக் கரைந்திருந்த குளத்துத் தண்ணீரைக் குடித்துக் கனடா வாத்துகள் இறந்தது அமெரிக்காவில் 1970-களில் பதிவாகியிருக்கிறது.

நம் போர்வெல் தண்ணீரில் இன்னொரு சிக்கல். உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த கடினநீரில் செம்பு சீக்கிரம் கரையாத படிவமாகி அடியில் தங்கிவிடும். பாசி சாகவில்லையே என்று மறுபடி போடுவோம். அடியில் சேறு போல் செம்பு சேர்ந்துகொண்டே போகும். ஐப்பசியில் மழை வந்து தொட்டி மழைத் தண்ணீரால் நிரம்பும்போது நிலைமை தலைகீழாக மாறும். மழைநீர் மென்மையான நீர், அதில் செம்பின் நச்சுத்தன்மை கூடும். மே மாதம் ஒன்றும் செய்யாத அதே அளவு அக்டோபரில் வேலையைக் காட்டும்.

மருந்து போட்டுப் பாசியை ஒரேயடியாகக் கொல்வதில் எவ்வளவு பெரிய ஆபத்து ஒளிந்திருக்கிறது என்பதை 1979-ல் ஆஸ்திரேலியாவின் பாம் தீவில் நடந்தது காட்டுகிறது. குவீன்ஸ்லாந்து கடற்கரைக்கு அருகில் பழங்குடி மக்கள் வாழும் தீவு அது. அவர்களின் குடிநீர் அணையில் பாசி மண்டிவிட்டது. தண்ணீர் நாறுகிறது என்று புகார் வந்ததும் மயில்துத்தம் போட்டார்கள். சில நாட்களில் 148 பேர், பெரும்பாலும் குழந்தைகள், வாந்தியும் ஈரல் வீக்கமுமாக நோயுற்றார்கள். முதலில் காரணம் தெரியாமல் அதை மர்ம நோய் என்றே அழைத்தார்கள். பின்னர்தான் தெரிந்தது. அணையில் இருந்தது நச்சை உடலுக்குள் வைத்திருக்கும் நீலப்பச்சைப் பாசி. உயிரோடு இருந்தவரை நச்சின் பெரும்பகுதி அதன் செல்லுக்குள் இருந்தது. செம்பு பட்டுச் செல்கள் உடைந்ததும் மொத்த நச்சும் தண்ணீரில் கலந்தது. நோய்க்குக் காரணம் பாசி, ஆனால் அதைத் தண்ணீரில் திறந்துவிட்டது மருந்து.

இந்தச் சம்பவத்தை எப்போது நினைத்தாலும் எனக்கு மனசு கனக்கும். என் தொட்டி அணையில்லைதான். ஆனாலும் செத்த பாசியை வெளியே எடுக்காமல் அதே தண்ணீரில் விட்டு வைப்பது எந்த அளவிலும் தவறு என்பதை அது எனக்குச் சொல்லிக்கொடுத்தது. செத்த பாசி அழுகும், ஆக்சிஜனைக் குடித்துவிடும், தன் சத்தை எல்லாம் திரும்பத் தண்ணீரிலேயே விடும். அடுத்த பாசி அதைத் தின்று வளரும்.

எந்தப் பாசிக்குப் பயப்பட வேண்டும்

தொட்டிச் சுவரில் படியும் மெல்லிய பச்சைப் படலத்தால் பறவைக்குக் கெடுதல் எதுவும் இல்லை. குளத்திலும் குட்டையிலும் குடித்து வளர்ந்தவைதானே அவை. மோட்டாரில் சிக்கிக்கொள்ளும் முடி போன்ற இழைப்பாசியும் தொல்லைதானே தவிர நஞ்சில்லை. பழுப்பாகப் பொடி போல் படிவது டயட்டம், அதுவும் கெடுதல் செய்யாது. தண்ணீர் முழுக்கப் பச்சைச் சாயம் கரைத்தாற்போல் ஆனால் அது மிதக்கும் நுண்பாசி. அழகாக இராது, அவ்வளவுதான்.

கவனிக்க வேண்டியது நீலப்பச்சைப் பாசி. உண்மையில் அது பாசியே இல்லை, ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா. தண்ணீரின் மேல் பெயின்ட் கொட்டியது போல் ஏடாகப் படியும், அல்லது அடியிலிருந்து கரும்பச்சை வழவழப்பான பாயாக உரிந்துவரும். மண்வாடையோ சாக்கடை வாடையோ அடிக்கும். எல்லா நீலப்பச்சைப் பாசியும் நஞ்சு கொண்டதில்லை, ஆனால் பார்வையில் பிரித்தறிய வழியில்லை. 2020-ல் போட்ஸ்வானாவில் 300-க்கும் மேற்பட்ட யானைகள் இறந்தபோது, குட்டைகளில் இருந்த இந்த வகை நஞ்சே காரணம் என்று அந்நாட்டு அரசு அறிவித்தது. அமெரிக்காவில் 1990-களின் நடுவில் அர்க்கன்சாஸ் மாநிலத்து ஏரி ஒன்றில் வெண்தலைக் கழுகுகள் மூளை பாதிக்கப்பட்டுச் செத்தன. காரணம் புரிய சுமார் 25 வருடங்கள் ஆயின. ஹைட்ரில்லா என்னும் நீர்ச்செடியின் இலையில் ஒட்டி வளரும் ஒரு நீலப்பச்சைப் பாசிதான் அது என்று 2021-ல் உறுதிப்படுத்தினார்கள். செடியைத் தின்ற நீர்க்கோழிகளைக் கழுகுகள் தின்றிருக்கின்றன.

வீட்டுத் தொட்டியில் இப்படி ஏடு படிந்தால் மருந்து எதுவும் வேண்டாம். மோட்டாரை நிறுத்தி, பறவைகள் வராதபடி மூடி, தண்ணீரை முழுக்க வெளியேற்றிவிடுங்கள். கையுறை போட்டுக்கொள்வது நல்லது. நாயும் கோழியும் குடிக்கும் இடத்தில் அதைக் கொட்ட வேண்டாம்.

பாசியைவிட எனக்குக் கவலை தருவது அதன் வழவழப்பில் ஒட்டிக்கொள்ளும் எச்சமும் கிருமியும். டிரைகோமோனாஸ் என்று ஒரு ஒற்றைச்செல் ஒட்டுண்ணி புறாக்களின் தொண்டையில் வாழ்கிறது. ஒரே பாத்திரத்தில் எச்சில் கலந்த தண்ணீர் வழியாக மற்றப் பறவைகளுக்குப் பரவும். பாதிக்கப்பட்ட பறவை விழுங்க முடியாமல் வாடிச் சாகும். பிரிட்டனில் 2005-லிருந்து இந்த நோய் கிரீன்ஃபின்ச் என்ற தோட்டத்துப் பறவையிடம் பரவி, அதன் எண்ணிக்கை பாதிக்கும் மேல் சரிந்தது. 2021-ல் அதை அந்நாட்டின் சிவப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். அன்போடு தண்ணீரும் தீனியும் வைத்த வீடுகளிலேயே அது பரவியது என்பதுதான் வேதனை. மாடப்புறா அதிகம் வரும் வீடுகளில் இதை மனதில் வைக்க வேண்டும். நல்ல வேளையாக அந்த ஒட்டுண்ணி காய்ந்த இடத்தில் பிழைக்காது.

காயப்போடுவது

அப்படிக் காயப்போடுவதுதான் எனக்குக் கிடைத்த சிறந்த மருந்து. பாசி, ஒட்டுண்ணி, கொசுப்புழு எல்லாம் தண்ணீரை நம்பி வாழ்பவை. நம் ஊர் வெயிலில் ஒரு முழுப் பகல் தொட்டியைக் காயவிட்டால் சுவரில் ஒட்டிய மெல்லிய பாசி பொடியாக உதிரும்.

வாரம் ஒரு நாள், எங்களுக்குச் சனிக்கிழமை, மோட்டாரை நிறுத்திவிட்டுத் தொட்டியை மொத்தமாகக் கவிழ்க்கிறோம். எச்சத்தையும் சேற்றையும் முதலில் வழித்துவிட வேண்டும். பிறகு தேங்காய் நாரால் அழுத்தித் தேய்ப்பது. பாத்திரம் தேய்க்கும் சோப்பு வேண்டாம் என்பது என் கட்சி. பறவையின் வாலடியில் ஓர் எண்ணெய்ச் சுரப்பி உண்டு. அந்த எண்ணெயை அலகால் எடுத்து இறகெல்லாம் நீவித்தான் அது நனையாமலும் குளிராமலும் தன்னைக் காக்கிறது. சோப்புத் தண்ணீரில் குளித்தால் அந்த எண்ணெய் போய்விடும். மண்ணெண்ணெய், வேப்பெண்ணெய் போன்றவற்றைத் தண்ணீர் மேல் விடுவது அதைவிட மோசம். இறகில் ஒட்டி, நீவும்போது வயிற்றுக்குள்ளும் போகும். கொசுவுக்காக எண்ணெய் விடும் பழக்கம் சாக்கடைக்குச் சரி, பறவைத் தொட்டிக்கு ஆகவே ஆகாது.

ஓரத்து உப்புக் கறை நாருக்கு அசையாவிட்டால் வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் 9 பங்கு கலந்து கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் தேய்க்கலாம். புளிக் கரைசலும் எலுமிச்சைத் தோலும் அதே வேலையைச் செய்யும். ஆட்டுக்கல்லும் கருங்கல்லும் இதைத் தாங்கும். சிமென்ட் தொட்டியையும் சலவைக்கல்லையும் அமிலம் அரித்துவிடும், அங்கே நாரும் கையும்தான்.

மாதம் ஒரு முறை, அல்லது நோயுற்ற பறவை எதையாவது பார்த்தால், ப்ளீச் போட்டுக் கழுவலாம். கடையில் விற்கும் திரவ ப்ளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் 9 பங்கு. 10 நிமிடம் ஊறவிட்டு, வாடை முழுக்கப் போகும்வரை பல தண்ணீரில் அலசி, வெயிலில் காயப்போட வேண்டும். அழுக்கு இருந்தால் குளோரின் அதிலேயே செலவாகிவிடும், அதனால்தான் முதலில் வழிப்பதும் தேய்ப்பதும். வினிகர் ஊற்றிய தொட்டியை அலசாமல் ப்ளீச் ஊற்றிவிடாதீர்கள், நச்சு வாயு கிளம்பும். அப்புறம், ப்ளீச் என்பது தண்ணீர் இல்லாத தொட்டியைக் கழுவ மட்டும். பறவை குடிக்கும் தண்ணீரில் கொஞ்சமாகக் கலந்து வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். மயில்துத்தத்துக்குச் சொன்ன காரணங்களே இதற்கும்.

மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு இந்த வகையில் சாதுவானது. பாசியைச் சுட்டுவிட்டுத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும், மிச்சம் எதுவும் தங்காது. நெதர்லாந்தில் ஏரிகளிலேயே நீலப்பச்சைப் பாசிக்கு எதிராக மிக நீர்த்த அளவில் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆனாலும் நான் அதைக் காலித் தொட்டியின் மூலைமுடுக்குகளில் துடைக்க மட்டும் வைத்திருக்கிறேன்.

தொட்டி காயும் நாளில் பறவைகள் என்ன செய்யும்? அதற்குத்தான் ஆட்டுக்கல். நீரூற்று இல்லாதவர்கள் இரண்டு மண்தாம்பாளம் வாங்கி, ஒன்று வெயிலில் காயும்போது மற்றொன்றில் தண்ணீர் வைக்கலாம். மண்பாத்திரத்தின் துளைகளில் பாசி வேரூன்றும் என்பது உண்மை, ஆனால் முழுக்கக் காய்ந்துவிட்டால் அதுவும் போய்விடும். தண்ணீரையும் குளிர்ச்சியாக வைக்கும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தட்டை மட்டும் தவிர்த்துவிடுங்கள், துத்தநாகம் பறவைகளுக்கு நஞ்சு.

ஓடும் தண்ணீரில் பாசி வராதா

நீரூற்று வாங்கும்போது பலரும் நம்புவது இது. பாதிதான் உண்மை. ஓடும் தண்ணீரில் கொசு முட்டையிடத் தயங்கும், ஏடும் படியாது. ஆனால் சுவரில் ஒட்டி வளரும் இழைப்பாசிக்கு மேல்தட்டின் வழிவிளிம்பு சொர்க்கம். மெல்லிய நீர்ப்படலம், நல்ல வெயில், நிமிடத்துக்கு நிமிடம் புதுச் சத்து. எங்கள் நீரூற்றில் கீழ்த்தொட்டியைவிட மேல்தட்டில்தான் பாசி முதலில் வரும். அதனால் இரவில் மோட்டாரை நிறுத்தி மேல்தட்டை வடியவிடுகிறோம். இரவில் குளிக்க எந்தக் குருவியும் வருவதில்லை. மோட்டாரின் பஞ்சையும் வாரம் ஒரு முறை பிழிந்து கழுவ வேண்டும். பாசி அடைத்தால் மோட்டார் சூடாகிச் சீக்கிரம் கெட்டுப்போகும்.

இடம் மாற்றியதில் கிடைத்த பலனை நான் எதிர்பார்க்கவில்லை. நாள் முழுக்க வெயில் படும் இடத்திலிருந்து, காலை வெயில் மட்டும் படும் கிழக்குச் சுவர் ஓரத்துக்கு நகர்த்தினோம். பாசி வரும் வேகம் பாதியாகக் குறைந்தது போல் இருந்தது, தண்ணீரும் சூடாவதில்லை. மரத்தடி நிழல் இன்னும் நல்லதாகத் தோன்றும், ஆனால் கிளையில் உட்காரும் பறவையின் எச்சமும் இலையும் நேரே தொட்டியில் விழும். நிழல் தரும் சுவர் ஓரமும், ஓரிரு மீட்டர் தள்ளி ஒரு செடியும் இருந்தால் போதும், பூனை வந்தால் பறந்து ஒளிந்துகொள்ளலாம். தானியத் தட்டைத் தொட்டியிலிருந்து தள்ளி வையுங்கள். காகத்துக்கு எங்கள் வீட்டில் ஆட்டுக்கல்தான் சமையலறை. அதைத் தினமும் கொட்டிக் கழுவுவதால் சப்பாத்தி ஊறினாலும் பரவாயில்லை.

புறஊதா விளக்கு வைத்த வடிகட்டியும் மீன்தொட்டிக் கடைகளில் கிடைக்கிறது. விளக்கு மூடிய குழாய்க்குள் இருப்பதால் பறவைக்கு ஆபத்தில்லை, தண்ணீரில் எதுவும் சேர்வதுமில்லை. ஆனால் அது கொல்வது மிதந்துவரும் நுண்பாசியை மட்டும். சுவரில் ஒட்டிய பாசி அதன் வெளிச்சத்துக்கு வருவதே இல்லை. 20 லிட்டர் தொட்டிக்கு அந்தச் செலவு வீண், வாளியால் கொட்டிவிடுவது சுலபம். நூற்றுக்கணக்கான லிட்டர் பிடிக்கும் பெரிய நீரூற்றுக்குத் தாராளமாக வைக்கலாம்.

சுற்றிவரும் யோசனைகள் சில

செம்புத் துண்டு அல்லது பழைய செப்புக்காசு போட்டால் பாசி வராது என்பார்கள். மரக்கப்பலின் அடியில் செப்புத் தகடு அடித்துப் பாசியும் சிப்பியும் ஒட்டாமல் காத்த காலம் உண்டு, எனவே யோசனையில் உண்மை இருக்கிறது. ஆனால் கப்பலில் முழு அடியும் செம்பு. தொட்டியில் ஒரு காசு அதைச் சுற்றி விரற்கடை இடத்தைத்தான் காக்கும். வினிகர் போட்டுக் கழுவும் தொட்டியில் செம்பை விட்டால் அமிலத்தில் அது கரைந்தும் இறங்கும்.

இங்கிலாந்தில் குளங்களில் பார்லி வைக்கோலைப் போட்டுப் பாசியைத் தடுக்கும் முறை பல வருடங்களாக இருக்கிறது. ஆக்சிஜன் உள்ள தண்ணீரில் அது மெல்ல மட்கும்போது வெளிவரும் பொருட்கள் புதுப்பாசி வளர்வதைத் தடுப்பதாக ஆய்வு செய்தவர்கள் கருதினார்கள். இருக்கும் பாசியைக் கொல்லாது, பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும், சில சோதனைகளில் பலனே தெரியவில்லை. அதைப் படித்துவிட்டு நம் நெல் வைக்கோலைச் சுருட்டிப் போடலாமே என்று தோன்றும். போடாதீர்கள். வைக்கோலும் புல்லும் ஊறிய தண்ணீர் கொசுக்களுக்கு அழைப்பு. முட்டையிட வரும் பெண் கொசுக்களைப் பிடிக்க ஆய்வாளர்கள் வைக்கும் பொறிகளில் ஊற்றுவதே புல் ஊறிய தண்ணீரைத்தான்.

பாசிக்கொல்லிப் புட்டிகளில் “பறவைகளுக்கும் பிராணிகளுக்கும் பாதுகாப்பானது” என்று முன்பக்கம் பெரிதாக எழுதியிருக்கும். பின்பக்கத்துச் சிறிய எழுத்தில் உட்பொருள் என்ன என்று பாருங்கள். செம்பு, பென்சால்கோனியம் குளோரைடு என்னும் கிருமிநாசினி போன்றவை இருந்தால் அது நீச்சல்குளத்துச் சரக்கு, பறவைத் தொட்டிக்கு வேண்டாம். என்சைம், நன்மை செய்யும் பாக்டீரியா என்று எழுதியவை பொதுவாகக் கெடுதல் செய்வதில்லை. அவை பாசியின் சத்தில் பங்கு கேட்டு வளர்பவை. வாரந்தோறும் காயவைத்துக் கழுவும் தொட்டியில் அவை நிலைக்காது, வாங்கத் தேவையில்லை. உட்பொருள் எழுதாத புட்டியைத் தொடவே தொடாதீர்கள். ஒரு கடையில் எனக்கு அப்படி ஒன்றைக் கொடுத்தார்கள், கேட்டதற்கு மூலிகை என்றார்கள். திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கொசு

பாசியைவிட மாநகராட்சிக்காரர்கள் கவலைப்படுவது இதற்குத்தான், அவர்கள் கவலையில் நியாயம் இருக்கிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து கொசுவாக 7 முதல் 10 நாள் போதும். வாரம் ஒரு முறை தொட்டி காய்ந்தால் புழு கொசுவாகாது. ஆனால் ஏடிஸ் தன் முட்டையை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டும். அந்த முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டதும் பொரியும். எனவே கொட்டினால் மட்டும் போதாது, ஓரத்தை நாரால் அழுத்தித் தேய்க்க வேண்டும். வெளியூர் போவதாக இருந்தால் தொட்டியைக் காலி செய்து கவிழ்த்துவிட்டுப் போங்கள். கவிழ்க்க முடியாத பெரிய தொட்டி என்றால் பி.டி.ஐ. என்னும் பாக்டீரியாத் தூள் இருக்கிறது. 1976-ல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கண்டெடுத்தது. கொசுப்புழுவின் குடலில்தான் அது வேலை செய்யும், பறவைக்கும் மீனுக்கும் ஒன்றும் ஆகாது. பாசியை அது ஒன்றும் செய்யாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இரண்டுக்கும் சேர்த்து என்று நினைத்து வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மழைக்காலத்தில் பாசி குறையும் என்று நினைத்தோம், குறையவில்லை. மேகமூட்டத்தில் வெளிச்சம் கொஞ்சம் குறைகிறது, ஆனால் தொட்டி காய்வதற்கு வெயில் கிடைப்பதில்லை. அந்த மாதங்களில் வாரத்துக்கு இரண்டு முறை தேய்க்கிறோம், மழை விடாத நாட்களில் மேல்தட்டைக் கழற்றித் திண்ணையில் வைத்துவிடுகிறோம். எங்கும் தண்ணீர் கிடக்கும்போது குருவிகளும் நம்மை அவ்வளவாக எதிர்பார்ப்பதில்லை.

இப்போது சனிக்கிழமை காலையில் தொட்டியைக் கவிழ்ப்பது தோட்டத்து அண்ணன்தான். பச்சைத் தண்ணீரை அவர் வீணாக்குவதில்லை, வாளியில் பிடித்து வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றுகிறார். “இதுல நல்ல உரம் இருக்கும்மா” என்று போன மாதம் சொன்னார். வாழை இந்த வருடம் தார் போட்டிருக்கிறது.